நகரத்திலிருந்து சிற்றூருக்கு வந்து ஐந்து மாதம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மலையடிவாரம் எழுதியது:

வணக்கம். படிப்பும் வேலையுமாகப் பத்து வருடம் ஒரு பெருநகரத்தில் இருந்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தேன். சுற்றியுள்ள குடியிருப்புகளையும் சேர்த்தால் நாலாயிரம் பேர் இருப்பார்கள். டாக்டர் நான் ஒருத்திதான். இரண்டு செவிலியர், ஒரு மருந்தாளுநர், ஆறு கட்டில். அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்குப் போக இரண்டேகால் மணி நேரம் ஆகும். மழை பெய்தால் அந்தக் கணக்கும் இல்லை.

வேலைப் பளு எனக்குப் புதிதில்லை. நகரத்தில் அவசரப் பிரிவில் ஒரே இரவில் எண்பது பேர் வரை பார்த்திருக்கிறேன். இங்கே நாள் முழுக்க நாற்பது பேர்தான். ஆனாலும் படுத்தால் தூக்கம் வருவதில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம் பிடிபட்டது. நகரத்தில் நான் பார்த்த நோயாளி வாசலைத் தாண்டியதும் என் வாழ்க்கையைவிட்டே போய்விடுவார். குணமானாரா, வேறு எங்காவது போனாரா, எனக்குத் தெரியாது. இங்கே யாரும் அப்படிப் போவதில்லை. நான் எடுத்த முடிவெல்லாம் மறுநாள் தெருவில் எதிரே நடந்து வருகிறது.

இரண்டாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பதினோரு வயதுப் பையன், வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வலி என்றான். லேசான காய்ச்சல், ஒருமுறை வாந்தி. வயிறு மெத்தென்றுதான் இருந்தது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் இரவு தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. பிழைத்துவிட்டான், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் அப்பா தினமும் என் வீட்டு வாசல் வழியாகத்தான் வண்டி ஓட்டிப் போகிறார். நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் நான் தவிக்கிறேன்.

அதற்குப் பிறகு பயந்துபோய் எல்லாரையும் அனுப்ப ஆரம்பித்தேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வந்த பாட்டியை ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்ஸில் ஏற்றினேன். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லி மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அந்தச் செலவுக்காக அவர்கள் இரண்டு ஆடுகளை விற்றது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

யாரை அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்? இந்தக் கனத்தோடு அதே ஊரில் எப்படி வாழ்கிறீர்கள்? இரண்டில் எதற்குப் பதில் இருந்தாலும் சொல்லுங்கள்.

---

முப்பத்திரண்டு வருடம் எழுதியது:

டாக்டர், முதலில் ஒன்று. அந்தப் பையன் விஷயத்தில் நீங்கள் செய்த தவறு நோயைக் கண்டுபிடிக்காதது இல்லை. குடல்வால் அழற்சி முதல் சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும்: தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, வயிறு மெத்தென்று. வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிய பிறகுதான் கைக்குச் சரியாகத் தட்டுப்படும். முதல் முறை பார்த்தபோது உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். தவறு எங்கே என்றால், இரண்டாம் முறை பார்க்க அவனை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளாததுதான்.

நகரத்தில் சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுப்போம். அது இல்லாத இடத்தில் நம்மிடம் இருக்கும் பெரிய கருவி நேரம். ஆறு கட்டில் இருக்கிறது என்கிறீர்கள். பையனைப் படுக்க வையுங்கள். வலிக்கும் இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். நாலு மணி நேரம் கழித்து நீங்களே, அதே கையால், மறுபடி தொட்டுப் பாருங்கள். இறங்கி நின்று ஒரு குதி குதிக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள். வலி வட்டத்தைவிட்டு நகர்ந்திருந்தால் அனுப்புங்கள். நகராமல் பசிக்கிறது என்று கேட்டால் அநேகமாகப் பயமில்லை, ஆனாலும் காலையில் இன்னொரு முறை பாருங்கள்.

அனுப்புவதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. இவர் இப்போது எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்று நான் கேட்பதில்லை. இவர் மோசமாகப் போவதாக இருந்தால் எத்தனை மணிக்குப் போவார், அப்போது இவர் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பேன். அங்கிருந்து பயண நேரத்தைக் கழிப்பேன். உங்களுக்கு இரண்டேகால் மணி, வண்டி வந்து சேர அரை மணி, மழை என்றால் இன்னும் ஒரு மணி. அப்படிக் கழித்துப் பார்த்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கே அனுப்ப வேண்டியவர் யார், விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பவர் யார் என்று தெளியும். பாட்டியை அனுப்பியது தப்பில்லை. நெஞ்சுவலியில் ஒன்றுமில்லை என்று திரும்பி வருகிறவர்கள் இருக்கத்தான் வேண்டும். ஆனால் போகும் முன்பு "பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றும் இருக்காது, அந்த இரண்டு பேரில் நீங்கள் இருந்துவிடக் கூடாது என்றுதான் அனுப்புகிறேன்" என்று நம் கணிப்பைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் ஆடு விற்றவருக்கும் ஏமாந்த உணர்வு வராது.

இன்னொன்று. முடிவுகள் எதிரே நடந்து வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அது கனம்தான். ஆனால் சிற்றூர் மருத்துவரைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காத அறிவும் அதே வழியாகத்தான் வருகிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வென்ஸ்லிடேல் என்ற பள்ளத்தாக்கில் வில்லியம் பிக்கிள்ஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1929இல் அங்கே மஞ்சள்காமாலை பரவியது. 5,700 பேரில் 250 பேருக்கு வந்தது. ஊர்த் திருவிழா நடந்த நாளின் காலையில் காமாலையோடு படுக்கையில் கிடந்த ஒரு சிறுமியை அவர் பார்த்திருந்தார். அன்றைக்கு அவள் எழுந்திருப்பாள் என்றே அவர் நினைக்கவில்லை. அவளோ எழுந்து திருவிழாவுக்குப் போய்விட்டாள். அந்தப் பரவல் முழுவதையும் அந்த ஒரு சிறுமிவரை அவரால் பின்னோக்கிப் பிடிக்க முடிந்தது. தொற்றிய நாளுக்கும் நோய் தெரிகிற நாளுக்கும் இடைவெளி ஏறக்குறைய நான்கு வாரம் என்று கணக்கிட்டார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. யார் யாரோடு பழகினார்கள், யார் எந்த வண்டியில் போனார்கள் என்பது தெரிந்திருந்தது, தேதி குறித்து வைக்கும் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான். பின்னால் 1953இல் பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கான கல்லூரியின் முதல் தலைவரானார்.

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, பெயரின் முதல் எழுத்து, நான் நினைத்தது என்ன, நடந்தது என்ன. பக்கத்தில் கோடு போட்டு நாலே பத்தியாகப் பிரித்தால் போதும்.

அப்புறம், பையனின் அப்பாவிடம் நீங்கள் போய்ப் பேசவில்லை என்று நினைக்கிறேன். பேசுங்கள்.

---

செவிலி எழுதியது:

நான் இருபத்தியொரு வருடமாக ஒரே ஊரில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள், நான் அங்கேயே இருப்பேன். மேலே பெரியவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் பதிவில் ஒன்றைக் கவனித்தேன் டாக்டர். "இரண்டு செவிலியர்" என்று கட்டில் எண்ணிக்கையோடு சேர்த்து எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தப் பையனைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டீர்களா?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதை இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தார், கெட்டிக்காரர். இரவில் ஒரு பிரசவம். குழந்தை பிறந்ததும் வழக்கம்போல, கருப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போட்டோம். நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. கருப்பை கையில் மாவு மாதிரி தளர்ந்து கிடந்தது. டாக்டர் மறுபடி மருந்து கேட்டார், போட்டேன். இறுகவில்லை. என் தொண்டைவரை ஒரு வார்த்தை வந்து நின்றது. அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அந்த ஆம்பூல்கள் வெக்கையில் இருந்தவை. எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் என்னிடம் எதையும் கேட்கிற பழக்கம் இல்லாதவர் என்பதால் நான் வாயைத் திறக்கத் தயங்கினேன். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருக்கும். அந்த நேரம் முழுக்க இரத்தம் கட்டிலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டு கைகளாலும் கருப்பையை உள்ளும் புறமுமாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரத்தப்போக்கைக் குறைக்க நான் டிரானெக்சாமிக் அமிலம் ஏற்றினேன். கருப்பையை இறுக வைக்கும் இன்னொரு மருந்தான மிசோப்ரோஸ்டால் மாத்திரை குளிர்பதனம் தேவைப்படாதது, அது இருந்தது, கொடுத்தோம். வண்டியில் ஏற்றி, வழி நெடுக அவர் கையை எடுக்கவில்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது.

மறுநாள் காலை டாக்டர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னும் எனக்குத் தெரியாதது என்னென்ன இருக்கிறது?" ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். வெப்பமானியைக் காட்டினேன். எந்த ஆக்சிஜன் சிலிண்டர் கசிகிறது, எந்த டிரைவர் இரவில் போனை எடுப்பார், எந்தப் பாலம் மழையில் முங்கும், எல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. வந்த முதல் நாளே அவர் அதைக் கேட்டிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். அந்தத் தப்பில் பாதி என்னுடையது.

டாக்டர், நாளைக்குக் காலையில் போய்க் கேளுங்கள்.

---

ஊர்க்காரன் எழுதியது:

நான் மருத்துவன் இல்லை. இந்த இழையைப் படித்ததும் நோயாளி பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊருக்குப் பதினொரு டாக்டர்கள் வந்து போயிருக்கிறார்கள். என் அம்மாவின் கதையைப் பதினொரு தடவை சொல்லியிருக்கிறோம். இப்போதெல்லாம் பாதிக் கதைக்கு மேல் சொல்வதில்லை. "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று ஊர்க்காரர்கள் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை விரட்டுவதற்காகக் கேட்பதில்லை. எதுவரைக்கும் சொல்லலாம் என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறோம்.

அம்மாவுக்கு இரத்த அழுத்தம். மாத்திரை போட்டும் குறையவில்லை என்று ஒரு டாக்டர் இரண்டாவது மாத்திரை எழுதினார். அடுத்தவர் மூன்றாவது எழுதினார். அதற்கடுத்து வந்தவர், அம்மா கால் பிசகிப் படுத்திருந்தபோது வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, "மாத்திரை டப்பாவைக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். உள்ளே எல்லா மாத்திரையும் பாதிப் பாதியாக உடைத்து வைத்திருந்தது. மாதம் ஒருமுறை யாராவது டவுனுக்குப் போனால்தான் மாத்திரை வாங்கி வர முடியும். போகிற ஆள் கிடைக்காத மாதத்துக்கும் காண வேண்டும் என்று அம்மா பாதியாக்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஏழு வருடமாக. எங்களுக்கே தெரியாது.

அந்த டாக்டர் திட்டவில்லை. "நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்கீங்க, ஆனா உடம்பு அதை ஒத்துக்காது" என்றார். இரண்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒன்றை மட்டும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்க ஏற்பாடு செய்தார். அழுத்தம் குறைந்துவிட்டது.

இன்னொரு விஷயம், பேச்சு. "கிறுகிறுன்னு வருது", "மேலுக்கு முடியலை", "கை காலெல்லாம் உளையுது" என்று சொன்னால் சில டாக்டர்கள் "சரியாகச் சொல்லுங்கள்" என்று அதட்டுவார்கள். நாங்கள் சரியாகத்தான் சொல்கிறோம். உட்கார்ந்து எழும்போது வருகிறதா, பசித்தால் வருகிறதா, படுத்துப் புரண்டால் வருகிறதா என்று நீங்கள் கேட்டால் அதற்கும் எங்களிடம் பதில் இருக்கும்.

வேறு வைத்தியரிடம் போய்விட்டு வந்தேன் என்று சொல்கிறவரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறையும் அங்கே போவார், உங்களிடம் மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்.

---

இரண்டு வருடத்தில் திரும்பியவன் எழுதியது:

எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும்.

நானும் போனேன், மனதார விரும்பித்தான் போனேன். இரண்டு வருடம் இருந்தேன். இரண்டு வருடமும் இருபத்துநாலு மணி நேரமும் நான் ஒருவன்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போக வேண்டும், பதில் ஆள் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை.

அதைவிட என்னைத் திரும்ப வைத்தது வேறு ஒன்று. மூச்சுத் திணறலோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டும். நகரத்தில் வாரத்துக்கு நாலு முறை செய்த வேலை. அதற்காகத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது, அதைத் தொட்டுப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. கை நடுங்கியது. மூன்றாவது முயற்சியில்தான் போனது. அவர் பிழைத்தார். ஆனால் அன்றிரவு நான் முடிவெடுத்துவிட்டேன். இங்கே இருந்தால் என் கை மறந்துபோகும், அதற்கான விலையை இன்னொருவர் கொடுப்பார்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்க ஊரில் இருந்துகொண்டு 1971இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்குத்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று. தலைகீழ்ப் பராமரிப்பு விதி என்று அதற்குப் பெயர் வைத்தார். அந்த விதியை ஒரு தனி மருத்துவரின் நல்ல மனதைக் கொண்டு மட்டும் மாற்றிவிட முடியும் என்று நான் இனி நம்ப மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது, 2021இல் புதுப்பித்தது. கிராமப் பின்னணி உள்ள மாணவர்களை மருத்துவப் படிப்பில் சேருங்கள், படிப்பின் ஒரு பகுதியைக் கிராமத்தில் வையுங்கள், வீடு கொடுங்கள், தொடர்ந்து கற்க வழி செய்யுங்கள், தனியாக விடாதீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. செய்யாமல் விட்டுவிட்டு, போன டாக்டரைத் தியாகி என்பதும் திரும்பிய டாக்டரைச் சுயநலவாதி என்பதும் நியாயமில்லை.

மலையடிவாரம், நீங்கள் தூங்க முடியாமல் தவிப்பதை அனுபவக் குறைவு என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆள் செய்யக் கூடாத அளவு வேலையை ஒரு ஆளாகச் செய்கிறீர்கள்.

---

முப்பத்திரண்டு வருடம் எழுதியது:

தம்பி எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்க மாட்டேன். அப்பாவைப் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. திரும்பியதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது.

கை மறப்பது உண்மை. எனக்கும் நடந்தது. நான் கண்ட வழி ஒன்றே ஒன்று: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம், நோயாளிகளை அனுப்பும் அதே பெரிய மருத்துவமனையின் அறுவை அரங்கில் போய் நிற்பேன். மயக்க மருத்துவரின் பக்கத்தில் நின்று குழாய் போடுவேன். இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. இரவு இரண்டு மணிக்கு அங்கே போன் செய்தால் எடுப்பவருக்கு என் முகம் தெரியும். "எதற்கு அனுப்புகிறீர்கள்?" என்ற எரிச்சல் போய், "வண்டியில் ஏற்றுமுன் இதைச் செய்துவிடுங்கள்" என்ற பேச்சு வந்தது.

2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ திட்டம் இதே யோசனையைப் பெரிதாகச் செய்தது. ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று உள்ள நோயாளிகளை நகரத்துக்கு வரவழைக்காமல், கிராமப்புற மருத்துவர்களை வாரா வாரம் காணொளியில் நிபுணர்களோடு உட்கார வைத்தார்கள். 2011இல் வெளியான முடிவில், அந்த மருத்துவர்கள் தந்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக மருத்துவமனையின் பலனுக்குச் சமமாகவே இருந்தது.

டியூடர் ஹார்ட் விதியை எழுதியதோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும், நோய் என்று வராதவர்களையும் விடாமல், இரத்த அழுத்தம் பார்த்தார். ஊர் சிறியதாக இருந்ததால்தான் கடைசி ஆள்வரை பார்க்க முடிந்தது.

---

டாக்டர் வீட்டுக்காரர் எழுதியது:

என் மனைவி மருத்துவர். நான் அவருடன் வந்தவன். இதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

இங்கே நான் நான் இல்லை, டாக்டரின் கணவர். எங்கள் மகள் டாக்டரின் பிள்ளை. அவளுக்கு முதல் வருடம் ஒரு தோழியும் அமையவில்லை. "டாக்டர் வீட்டில் போய் நீ ஏதாவது உளறிவைக்காதே" என்று அவரவர் வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஊரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. தன் உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார் என்றால் யாருக்கும் கூச்சம் வரும்.

என்னிடம் கேட்பார்கள்: "அவங்க பொண்ணுக்கு என்னவாம்? டெஸ்ட் என்ன வந்துச்சாம்?" எனக்குத் தெரியாது என்பேன். நம்ப மாட்டார்கள். நிஜமாகவே தெரியாது, மனைவி வீட்டில் ஒரு பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் ஒரு நாள் எனக்கே தெரிந்துவிட்டது. அவருடைய வண்டி ஒரு வீட்டு வாசலில் இரவெல்லாம் நின்றது. காலையில் ஊரில் பாதிப் பேர் அந்த வீட்டில் என்ன என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனைவி யார் வீட்டுக்குப் போனாலும் வண்டியைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துதான் போகிறார். மழையிலும் நடந்துதான். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மகளுக்கு இப்போது இரண்டு தோழிகள். மூன்றாம் வருடம் அது.

---

செவிலி எழுதியது:

வண்டியைத் தள்ளி நிறுத்துவது நல்ல யோசனை. எங்கள் இடத்தில் மருந்துச் சாளரத்தைத் திருப்பி வைத்தோம். முன்பெல்லாம் யாருக்கு என்ன மாத்திரை என்று வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும். காசநோய் மருந்து வாங்க வேண்டியவர்கள் அதனால்தான் வராமல் இருந்திருக்கிறார்கள். சாளரம் பின்பக்கம் போனதும் வர ஆரம்பித்தார்கள்.

---

மலையடிவாரம் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நினைத்தேன், முடியவில்லை.

செவிலி சொன்ன கேள்வியை மறுநாளே கேட்டேன். மூத்த செவிலியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் நடந்து வரும்போதே வலது பக்கம் குனிஞ்சு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தான் டாக்டர். நீங்க பார்க்கும்போது படுத்திருந்தான்" என்றார். அதை வைத்து நான் வேறு முடிவு எடுத்திருப்பேனா என்று தெரியாது. ஆனால் என் நாற்காலியை இப்போது வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன். வருகிறவர் நடந்து வருவதிலிருந்தே பார்க்கிறேன்.

பையனின் அப்பாவிடம் போனேன். "அன்றைக்கு அவனை இங்கேயே படுக்க வைத்து மறுபடி பார்த்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலேயே, "எனக்குக் கோபம் இருந்துச்சு" என்றார். "வணக்கம் வெச்சது எதுக்குன்னா, நீங்க அவன் எப்படி இருக்கான்னு கேப்பீங்கன்னுதான். ஒரு நாளும் கேக்கலை." எனக்குப் பேச்சு வரவில்லை. நான் குற்ற உணர்ச்சியில் தலையைக் குனிந்துகொண்டு போனதை, அவர் அக்கறையில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போது தினமும் கேட்கிறேன்.

போன வாரம் இரவு ஒன்பதரைக்கு வயல் வேலை செய்கிற ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பாம்பு கடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கணுக்காலுக்கு மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டை உடனே அவிழ்க்கவில்லை. ஊசிவழி தயார் செய்து, மருந்துகளை எல்லாம் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பிறகு தளர்த்தலாம் என்று விட்டேன். நகரத்தில் என்றால் இரத்தம் உறையும் சோதனைக்கு ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பேன். இங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, ஆட்டாமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். குழாயை எடுக்கப் போனபோது இளைய செவிலியர் தடுத்தார். "அது சோப்புப் போட்டுக் கழுவினது டாக்டர்." சோப்புப் பட்ட கண்ணாடியில் நல்ல இரத்தமே உறையாமல் போகும். புதுக் குழாயைப் பிரித்தோம்.

அந்த இருபது நிமிடத்தைச் சும்மா கழிக்கவில்லை. காலின் சுற்றளவை அளந்து, வீக்கம் எதுவரை என்று பேனாவால் கோடு போட்டு மணி எழுதினேன். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றி வைத்தோம். இரண்டேகால் மணியும் அரை மணியும் கழித்துக் கணக்குப் பார்த்தேன். வானம் இருட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வேறு ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். செவிலியர் தன் போனிலிருந்து ஒருவரை அழைத்தார். பதினைந்தாவது நிமிடம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பையனின் அப்பாவுடையது.

இருபதாவது நிமிடம் குழாயைச் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. இரத்தம் உறையவில்லை, விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்தை ஆரம்பித்தேன். பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்தேன். உடம்பில் தடிப்பு இல்லை, மூச்சு சீராக இருந்தது. கட்டை மெல்லத் தளர்த்தினேன். பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்து பேசினேன். அப்புறம் நானும் மூத்த செவிலியரும் அவரோடு ஏறிக்கொண்டோம். பாலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்பா இறங்கி ஒரு கம்பை ஊன்றி ஆழம் பார்த்துவிட்டு, வேறு பாதையில் திருப்பினார். எனக்கு அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது. இரண்டு மணி ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். வழியில் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார், "டாக்டர், மூச்சு இருக்குல்ல?" என்று. இருக்கு என்றேன்.

கடிபட்டவர் நேற்று வீடு திரும்பிவிட்டார்.

திரும்பியவன் எழுதியதையும் மறக்கவில்லை. பதில் ஆள் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன், மாதத்துக்கு நாலு நாள். இன்னும் பதில் வரவில்லை, விடப் போவதில்லை. பெரிய மருத்துவமனையின் மயக்க மருத்துவரிடம் அன்றிரவே பேசிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு வாரம் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் இங்கே யார் இருப்பார்கள் என்பதைத்தான் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.

நாளைக் காலை கடிபட்டவர் கட்டு மாற்ற வருவார். நோட்டில் அவருடைய பக்கத்தில் நாலாவது பத்தி இன்னும் காலியாக இருக்கிறது.